சாமியைக் கொழும்புக்குக் கொண்டுபோனது

அவனை எல்லாரும் சாமி என்றார்கள். நான் கடைசிவரைக்கும் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டேன். அதற்காக என்னோடு முகம் கொடுத்துக் கதைக்காத சனம் அச்சுவேலியில் இன்னும் இருக்கிறது. கதைக்காவிட்டால் போகட்டும். அவனுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது, கணக்குப் பாடத்தில் என்னைப் பார்த்து எழுதிய காலம் ஒன்று இருந்தது. அதெல்லாம் தெரிந்த ஆள் இப்போது நான் ஒருவன்தான்.

தெல்லிப்பழையில் ஒரே வகுப்பில் படித்தோம். ஐம்பத்தாறில் ஒரே வண்டியில் கொழும்புக்குப் போனோம். அவனுக்கு அரசாங்கத்தில் கிளார்க் வேலை. எனக்கு ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியில், தண்ணீர் இறைக்கிற மெசின்களை இறக்கி விற்கிற பகுதியில் வேலை. அரசாங்க உத்தியோகம் என்பதால் ஊரில் அவனுக்குத்தான் மதிப்பு. என்னைப் பார்த்து, பாவம், கொம்பனியிலைதான் கிடைச்சதாம் என்று உச்சுக் கொட்டினார்கள். வெள்ளவத்தையில் யாழ்ப்பாணத்துப் பெடியள் சேர்ந்து வாடகைக்கு எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் எனக்கும் அவனுக்கும் அடுத்தடுத்த பாய். ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் அடிக்குத் தப்பி, அகதியாய்க் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கியதும் இரண்டு பேரும் சேர்ந்துதான். கப்பலில் வழி நெடுகச் சத்தி எடுத்தவன் நான். என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் அவன்.

கலவரம் அடங்க இரண்டு பேரும் திரும்பிப் போனோம். வேறென்ன செய்வது? அடுப்பெரிய வேண்டுமே. அவனுடைய கந்தோரில் சிங்களச் சோதனை பாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று வந்தது. அவன் சிங்களம் படிக்கமாட்டேன் என்று கொடி பிடித்ததாகவும் வேலையைத் தூக்கி எறிந்ததாகவும் பிறகு ஊரில் கதை கட்டினார்கள். எல்லாம் புளுகு. அவன் விழுந்து விழுந்து படித்தான். மண்டைக்குள் ஏறவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் பெயில். கடைசியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்து, வீட்டுக்குள் போக வெட்கப்பட்டு, அச்சுவேலியில் தகப்பனின் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றடியில் கிடந்த கொட்டிலில் போய் இருந்துகொண்டான். சவரம் செய்ய மனமில்லாமல் விட்டதில் தாடி வளர்ந்தது. ஆட்களின் கேள்விகளுக்குப் பயந்து வாயே திறக்கவில்லை. இந்த இரண்டும் எங்கள் ஊரில் ஒரு மனுசனுக்கு எவ்வளவு ஆபத்து என்று அப்போது எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

முதலில் வந்து மாட்டியவர் ஒரு பிரக்கிராசியார். நீதிமன்றத்தில் காணி வழக்குகள் பேசிப் பேர் எடுத்தவர். அவருக்கே சொந்தத்தில் ஒரு வேலிச் சண்டை. அந்த வேலியோடு ஒட்டி இவர்களின் தோட்டத்துக்குப் போகிற ஒழுங்கை சம்பந்தமாய் என் நண்பனிடம் ஏதோ கேட்கப் போயிருக்கிறார். போனவர் வழக்கமான கேள்விகளையும் கேட்டுவிட்டார்: ஏன் தம்பி வேலையை விட்டனீர், சோதனை என்னவாம், இனி என்ன யோசனை? இவனுக்கு வந்ததே கோபம். தூஷணத்தில் தொடங்கி, வாளித் தண்ணீரை அள்ளி அவருடைய கோட்டுக்கு மேலே ஊற்றிக் கலைத்துவிட்டான். அடுத்த நாள் பிரக்கிராசியாருக்கு அந்த வேலி வழக்கு வென்றுவிட்டது. அதோடு சரி. ஏச்சு வாங்கினால் காரியம் பலிக்கும் என்று யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கப் பரவிவிட்டது. அவன் ஏசாமல் சிரித்துப் பேசி அனுப்பினவர்கள், எங்களிலை என்ன குற்றமோ என்று அழுதுகொண்டு போனார்கள்.

நான் அறுபதுகளின் நடுவில் வட பகுதிக்கு மனேஜராக யாழ்ப்பாணம் வந்தேன். கொக்குவிலில் வீடு கட்டினேன். பிறகு டிரெக்டராக்கிக் கொழும்புக்கு எடுத்தார்கள். மனைவி பிள்ளைகளைக் கொக்குவிலிலேயே விட்டுவிட்டுப் போய் வந்தேன். எங்கே இருந்தாலும், ஊருக்கு வந்த மறுநாள் காலை கொம்பனிக் காரில் அச்சுவேலிக்குப் போய்விடுவேன். அவன் என்னைக் கண்டதும் மற்றவர்களைப் போகச் சொல்லிக் கதவைச் சாத்துவான். கொம்பனி டிரெக்டருக்குச் சாமி இரகசிய உபதேசம் செய்கிறார் என்று வெளியே சனம் கைகூப்பிக்கொண்டு நிற்கும். உள்ளே அவன் காலை நீட்டிக்கொண்டு, வெற்றிலையில் புகையிலைக் காம்பை வைத்து மடித்து வாய்க்குள் தள்ளிக்கொண்டு, எங்கள் கந்தோர்ப் புதினம் கேட்பான். சேர்மனுக்கும் கணக்காளருக்கும் கதை இருக்கிறதா? வெங்காயத்துக்கு விலை வந்ததால் மெசின் நல்லாய் ஓடுதாமே? கிரிக்கெட்டில் ஆர் அடித்தது? திரும்ப ஒரு கந்தோருக்குப் போகக் கிடைக்காமல் போனவனுக்குக் கந்தோர்க் கதையில் எவ்வளவு பசி இருந்தது என்பதை நான் சொல்லி விளங்காது. நான் எங்கள் டிரெக்டர்கள் பதவிக் கதிரைக்கு அடிபடுகிற விதத்தை நடித்துக் காட்டுவேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெளியே கேட்கக் கூடாதென்று சால்வையை வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரிப்பான்.

அவன் கள்ளச் சாமி என்று நான் சொல்ல வரவில்லை. அதை ஆரும் சொன்னால் நான் அடிப்பேன். விடியற்காலையில் அந்தக் கொட்டிலில் நிமிர்ந்து இருந்தானென்றால் வெயில் ஏறும்வரை அசையமாட்டான். அவனுக்குப் பக்கத்தில் சும்மா இருந்தாலே, கொழும்பிலிருந்து நான் சுமந்துகொண்டு வந்த எரிச்சல் எல்லாம் எங்கேயோ போய்விடும். நான் கோயில் குளத்துக்குப் போகாதவன், எனக்கே அப்படி. ஒரு நாள், உனக்குள்ளை என்னடா நடக்குது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கிறதில்லை, அமைதியாய் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதையே வாறவர்களுக்கும் சொல்லுகிறேன், ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை என்றான். மற்றவர்களுக்கும் அப்படி இருக்கப் பழக்கிப் பார்த்தான். அவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளையும் மகனுக்கு வேலை மாற்றமும்தான் வேண்டியிருந்தது.

இனி ரீச்சரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. பொய் சொல்லத் தெரியாத, அதிர்ந்து கதைக்காத மனுசி. எழுபதுகளின் கடைசியில் அவருக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வெட்டிப் பார்க்க வேண்டும் என்று டொக்டர்மார் நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முதல் வெள்ளிக்கிழமை அவர் அச்சுவேலிக்குப் போய், என் நண்பனின் முன்னால் இருந்து வாய்விட்டு அழுதிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன, நான் செத்தால் ஆர் பார்ப்பது என்று. இவன் என்ன செய்வான்? கையில் இருந்த திருநீற்றைக் கட்டியில் பூசி, பயப்படாதையும் பிள்ளை என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். கட்டி மெல்ல மெல்ல வற்றிப்போயிற்று. டொக்டர்மாரும் இனி வெட்டத் தேவையில்லை என்றுவிட்டார்கள்.

“அது தானாய் வத்திற கட்டியடா. நான் என்னத்தைச் செய்தனான்?” என்று என்னிடம் சொன்னான். ரீச்சரிடமும் அதையே சொன்னானாம். அவர் காலில் விழுந்து கும்பிட்டாராம்.

அடுத்த வருசம் அவனுக்கு வாய்க்குள் புண் வந்தது.

எனக்கு அது தெரிய வந்தது பிந்தித்தான். நான் போனபோது வாசலில் நின்ற பிரக்கிராசியார், மெதுவாய் வாருங்கோ, சாமி மௌனத்திலை இருக்கிறார் என்றார். இரண்டு மாதமாய் மௌனமாம். அதற்கென்று விசேஷ பூசையும் நடக்கிறதாம். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவன் மூலையில் குந்தியிருந்தான். என்னடா இது புதுக் கூத்து என்றேன்.  யன்னல் பக்கம் திரும்பி வாயைத் திறந்து காட்டினான். ஒரு பக்கக் கன்னச் சொக்கையின் உட்புறம் முழுக்கப் பூக்கோவா மரக்கறி மாதிரி முண்டு முண்டாய் வெடித்துப்போய்க் கிடந்தது. நாற்றத்தில் நான் பின்னுக்கு ஒரு அடி வைத்துவிட்டேன். அவன் அதைக் கண்டுவிட்டு வாயை மூடிக்கொண்டான். எனக்குச் செத்தால் போதும் என்றிருந்தது.

இரண்டு மாதமாய் இந்த மனுசன் நோவில் பேச முடியாமல் கிடக்கிறான், இவர்கள் அதை மௌனம் என்று கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வெளியே வந்து என் வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். பிரக்கிராசியார் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, தங்களுக்கும் புண் என்று தெரியும் என்றார். அது சாமியின் வருத்தம் இல்லை, ரீச்சரின் வருத்தம், சாமி அவருடைய கழுத்திலிருந்து எடுத்துத் தன் உடம்பில் வைத்து அனுபவித்துத் தீர்க்கிறார் என்றார். படித்த மனுசன். இலத்தீனில் சட்ட வசனம் சொல்லக் கூடியவர். 

தெல்லிப்பழையில் எங்களோடு படித்த ஒருவன் டொக்டராக இருந்தான். அன்றைக்கே காரில் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். அவன் பார்த்துவிட்டு, புற்றுநோய், புகையிலையும் வெற்றிலையும் செய்த வேலை என்று சொன்னான். கொழும்புக்குக் கொண்டுபோய்க் கரண்ட் பிடித்துப் புண்ணைக் கருக்க வேண்டும், உடனே கொண்டுபோனால் தப்ப இடம் இருக்கிறது, இரண்டு மூன்று மாதம் இழுத்தடித்தால் பிறகு தன்னைக் கூப்பிட வேண்டாம் என்றான். டொக்டர் போன பிறகு என் நண்பன் என் கையைப் பிடித்தான். அந்த வாயால் ஒவ்வொரு சொல்லாய்க் கதைத்தான்.

“எனக்குச் சாகப் பயமாய்க் கிடக்கு மச்சான். கொண்டு போ.”

இருபது வருசமாய்ச் சாவைப் பற்றிக் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் பயப்படாதே என்று சொல்லி அனுப்பியவன். ஆனால் எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. ஐம்பத்தெட்டில், அலறிக்கொண்டு ஓடின கூட்டத்துக்குள் பயத்தில் என் கையை இறுக்கிப் பிடித்தவனும் இவன்தானே. கொழும்பில் எனக்குத் தெரிந்தவர்களைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு ஒழுங்கு செய்தேன். அவன் தானே வெளியில் வந்து, நான் ஆஸ்பத்திரிக்குப் போறன், எனக்குச் சாக விருப்பமில்லை என்று கூட்டத்துக்குச் சொன்னான். கொழும்புக்கோ, தமிழருக்கு அடி விழுகிற இந்தக் காலத்திலையோ என்று சிலர் இழுத்தார்கள். பிரக்கிராசியார் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். சாமியின் உடம்பிலிருந்து அதைக் கலைத்தால், அது எங்கே போகும்? கேட்டுவிட்டு, கூட்டத்துக்குள் நின்ற ரீச்சரின் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். ஆனால் மற்ற எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் நான் ரீச்சரின் வீட்டுக்குப் போனேன். அவரை இருத்தி வைத்து, புகையிலை என்ன செய்யும், அவருடைய கட்டி என்ன, இவனுடைய புண் என்ன, இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று, தோட்டக்காரருக்கு மெசினை விளங்கப்படுத்துகிற மாதிரி விளங்கப்படுத்தினேன். எத்தனை பேருக்கு நான் மெசின் விற்றிருப்பேன். வாங்கவே மாட்டேன் என்று நின்றவர்களையும் வாங்க வைத்த வாய் இது. ரீச்சர் மரியாதையாய்த் தலையாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிய, “நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்குது அண்ணை, நான் சாமியை மறிக்கமாட்டன்” என்றார். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

போகிற காலையில் கார் கிணற்றடிவரைக்கும் போனது. பின் சீற்றில் தலையணை வைத்து அவனைச் சாய்த்திருந்தேன். கனகாலத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ஒரு பெடியனின் பதற்றம் தெரிந்தது. வெள்ளவத்தைக் கடற்கரை இப்பவும் அப்படியே இருக்கிறதா என்று கையால் கேட்டான். அப்போதுதான் ரீச்சர் வந்தார். வேலை செய்கிற நாள், பள்ளிக்கூடம் போகவில்லை. தலை முழுகி, வெள்ளைச் சேலை கட்டி, விபூதி பூசி வந்திருந்தார். முகம் வற்றிப்போயிருந்தது. நாள் குறித்த அன்றிலிருந்து அவர் சோறு தொடவில்லை என்று கூட வந்த புருசன் என் காதுக்குள் சொன்னார். அந்த மனுசன் அழுதுகொண்டிருந்தார்.

ரீச்சர் கார்க் கதவடியில் குனிந்து சாமியின் காலைத் தொட்டார்.

“போட்டு வாங்கோ சாமி. நீங்கள் இவ்வளவு நாளும் சுமந்தது காணும். என்ரையை நான் வாங்கிறன். பிள்ளையளை என்ரை தங்கச்சியோடை கொண்டுபோய் விட்டிட்டன்.”

சண்டைக்கு வந்திருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். மறித்திருந்தால் காரை விட்டு ஏற்றியாவது கொண்டுபோயிருப்பேன். இந்த மனுசி வழியனுப்ப வந்திருந்தார். சாகத் தயாராகி, வீட்டை ஒழுங்குபண்ணி, பிள்ளைகளைப் பாரம் கொடுத்துவிட்டு, சந்தோஷமாய் வழியனுப்ப வந்திருந்தார்.

அவன் சொல்லிப் பார்த்தான். இது உம்முடையது இல்லை, என்னுடையது, வெற்றிலை போட்டு வந்தது என்று அந்த நோவோடு திருப்பித் திருப்பிச் சொன்னான். ரீச்சர் சிரித்தார். நீங்கள் வேறு என்ன சொல்லுவீர்கள் என்ற மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு நிமிர்ந்து கைகூப்பிக்கொண்டு நின்றார். அவன் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கதவைத் திறந்து இறங்கினான்.

ஏறடா காரில் என்று கத்தினேன். அவன் ஏறவில்லை. தோளில் பிடித்துத் தள்ளினேன். சனம் என் கையைப் பிடித்து இழுத்தது. நான் அவனை இழுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

“நான் சுகமாகி வந்தால் அவ படுத்திடுவா. சோறு தண்ணி இல்லாமல் கிடந்தே செத்துப்போவா” என்றான்.

“விசர்க் கதை கதையாதை. நீ போகாட்டி நீ செத்துப்போவாய்.”

“ஓம்.”

“பயமாய்க் கிடக்கெண்டு சொன்னனீ!”

“இப்பவும் பயமாய்த்தான் கிடக்கு” என்றான்.  சாமியாரின் வைராக்கியம், தியாகம் என்று பிறகு மேடையில் பேசினார்களே, அதில் ஒன்றும் அந்தக் கொட்டிலுக்குள் இருக்கவில்லை. நெஞ்சு பதறி, மூக்கு ஒழுகி, நடுங்கிக்கொண்டு ஒரு மனுசன் இருந்தான். அப்படியே இருந்துகொண்டு மாட்டேன் என்றான். நான் அவனைத் தாறுமாறாய் ஏசிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு தனியே கொழும்புக்குப் போனேன். வழி முழுக்க அழுதேன். ரீச்சர் அன்று மத்தியானம் சாப்பிட்டாராம். அடுத்த நாள் பிள்ளைகளும் வீட்டுக்கு வந்துவிட்டார்களாம்.

பிறகு நடந்ததை நீட்ட எனக்கு விருப்பமில்லை. புண் சொக்கையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. தண்ணீர் குடித்தால் பக்கத்தால் ஒழுகியது. ரீச்சர் ஒவ்வொரு நாளும் கொக்குவிலிலிருந்து பஸ் பிடித்து வந்து, கஞ்சியை வடித்துக் கரண்டியால் பருக்கினார், சீழ் துடைத்தார். எனக்கு அந்த மனுசியைப் பார்க்கக் கொதிக்கும். ஆனால் அவர் செய்ததில் பாதியை நான் செய்திருக்கமாட்டேன். நோவில் அவன் கத்தினால், வெளியே இருந்தவர்கள் தேவாரத்தைக் கொஞ்சம் கூட்டிப் பாடினார்கள். கொம்பனியில் நீண்ட லீவு எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். சேர்மன் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தெல்லிப்பழை டொக்டர் வந்து ஊசி போட்டான். போட்டுவிட்டு என்னை வெளியே கூப்பிட்டு, இனிக் கொழும்புக்குக் கொண்டுபோயும் பிரயோசனம் இல்லை, வழியிலேயே முடிந்துவிடும், இங்கேயே நோவு தெரியாமல் வைத்திருப்போம் என்றான்.

அதற்கு அடுத்த கிழமை, ஒரு காலையில் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். ஊசி நன்றாய் வேலை செய்திருந்தது. அவன் கண்ணைத் திறந்து, காதைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினான்.

“நான் செய்தது சரியோடா?”

இருபது வருசமாய் ஊர் முழுக்க அவனிடம் வந்து கேள்வி கேட்டது. அவன் ஒருவரிடமும் கேட்டதை நான் காணவில்லை. சரி என்று சொல்வதற்கு வெளியே ஒரு சபையே இருந்தது. அதை விட்டு என்னிடம் கேட்டான். எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கத் தோன்றவில்லை. அவனோடு நான் யோசித்துக் கதைத்ததில்லை.

“பிழை. முழுப் பிழை” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான்.  பிறகு, சின்னப் பிள்ளை கடைக்குப் போகக் கேட்கிற மாதிரி மெதுவாய்க் கேட்டான்.

“அப்ப இப்ப போவமோ?”

ஐயோ. இத்தனை நாளும் ஆரோ ஒருவர் வந்து பிழை என்று சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தானா? நான் ஏசிவிட்டுப் போனேனே, அது அவன் காதில் விழவில்லையா? ஏச்சு எல்லாம் ஆசீர்வாதம் என்று இருபது வருசம் கேட்டுக் கேட்டு, அவனுக்கும் ஏச்சு ஏச்சாய்க் கேட்காமல் போய்விட்டதா? எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. டொக்டர் சொன்னதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. போவம் என்றேன்.

தூக்கினேன். பாரமே இல்லை. கஞ்சியோடு வந்துகொண்டிருந்த ரீச்சர் எங்களைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. முகத்திலிருந்து இரத்தம் இறங்கியதைக் கண்டேன். ஆனாலும் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, ஓடி வந்து கார்க் கதவைத் திறந்து பிடித்தார். போட்டு வாங்கோ சாமி என்றார்.  இந்த முறை அவன் ரீச்சரைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எடு, எடு என்று கையால் என் முதுகைத் தட்டினான்.

எடுத்தேன். சாவகச்சேரிவரை நித்திரையாய்க் கிடந்தான். குடாநாடு முடிகிற ஆனையிறவில் உப்புக் காற்று அடித்தபோது விழித்துக்கொண்டு, கொழும்போ என்று கேட்டான். கிட்ட வந்திட்டுது என்றேன். யன்னலால் அந்தப் பக்கத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தான். வெள்ளவத்தைக் கடல் என்று நினைத்திருக்கலாம். பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் மூச்சு நின்றுவிட்டது. நான் உடனே திருப்பவில்லை. போவம் என்று சொல்லிவிட்டேனே. பரந்தன் சந்திவரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு மரத்தடியில் நிறுத்தி, ஸ்ரீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தேன். பிறகு திருப்பினேன்.

கொட்டிலடியில் சனம் நிரம்பியிருந்தது. காரின் உள்ளே பார்த்ததும் ஓவென்று அழுகை எழும்பியது. ரீச்சர் ஒரு கரையில், தென்னை மரத்தைப் பிடித்தபடி, காலையில் நின்ற அதே இடத்தில் நின்றார். அவர் அழவில்லை. தனக்கு எப்போது தொடங்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு நிற்கிற ஆளின் நிலை அது. பிரக்கிராசியார் என்னிடம் வந்து, கடைசியில் சாமி ஏதாவது சொன்னாரோ என்று கேட்டார்.

கொழும்பு வந்திட்டுதோ என்று கேட்டான், அவனுக்குச் சாக விருப்பமில்லை என்றேன். எங்கே வைத்து முடிந்தது என்று கேட்டார். ஆனையிறவு தாண்டி என்றேன். அவர் கண்ணை மூடிக் கைகூப்பினார். பிறகு சனத்தின் பக்கம் திரும்பினார்.

“சாமி வருத்தத்தைக் குடாநாட்டுக்கு வெளியிலை கொண்டுபோய் விட்டிட்டு வந்திருக்கிறார். இனி அது ஒருத்தரிட்டையும் வராது” என்றார்.

எனக்கு உச்சி கொதித்தது. மடையா, அவன் உயிர் தப்பப் போனவனடா, உங்கள் எல்லாரையும் விட்டிட்டு, ரீச்சரையும் விட்டிட்டு, தன்ரை உயிருக்காகப் போனவனடா என்று கத்த வாயைத் திறந்தேன். அவனைப் பற்றிய உண்மை என்று என்னிடம் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அப்போது ரீச்சரின் முகம் கண்ணில் பட்டது. பிரக்கிராசியார் சொன்னது மெல்ல மெல்ல அவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மரத்தை விட்டார். அப்படியே மண்ணில் குந்திவிட்டார். பிறகு அழத் தொடங்கினார், பிள்ளை பெறுகிறவள் மாதிரி, அடிவயிற்றிலிருந்து.

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். அழுது முடிந்து ரீச்சர், விடிந்ததிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லை, ஆராவது கொஞ்சம் தண்ணி தாருங்கோ என்றார். வழியில் அவனுக்குப் பருக்கவென்று கொதித்தாற வைத்து எடுத்துப்போன போத்தல் காரில் அப்படியே கிடந்தது. அதை எடுத்து வந்து ரீச்சரிடம் கொடுத்தேன்.